ஏழு டாலர் மஞ்சள் மட்டை

என் மாமனாருக்கு வயது 71. வலது தோள்பட்டை இறுகிப்போய் மூன்று வருடமாகிறது. மேல் தட்டிலிருந்து டம்ளர் எடுக்கக்கூட இடது கையைத்தான் நீட்டுவார். அப்படிப்பட்டவர் போன ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்தரையில் நின்று என்னை மூன்றே பந்தில் அவுட்டாக்கினார். மூன்றாவது பந்து நேராக என் இடுப்பு உயரத்துக்கு வந்தது. இதை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று மட்டையைச் சுழற்றினேன். யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி பந்து கடைசி நேரத்தில் வெளிப்பக்கம் நழுவியது. எனக்குப் பின்னால் வைத்திருந்த மடக்கு நாற்காலியின் முதுகில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். “போச்சா?” என்றார் மாமா, ஒன்றும் தெரியாதவர் போல.

அந்தப் பந்துக்கும் மட்டைக்கும்தான் இந்த விமர்சனம். விஃபிள் பால் என்று பெயர். வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து, மஞ்சள் பிளாஸ்டிக் மட்டை. வரியோடு சேர்த்து ஏழு டாலர் சொச்சம் கொடுத்தேன்.

வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் ஏமாந்தேன். நாங்கள் இருப்பது கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில். பேஸ்பால் என்றால் இந்த மாநிலத்தில் தெருவுக்குத் தெரு பாதி வீடு நியூயார்க் யாங்கீஸ் கட்சி, மீதி பாஸ்டன் ரெட் சாக்ஸ் கட்சி. என் பதினொரு வயது மகள் பள்ளியில் யாரோ விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். நானும் ஒரு பெரிய கடையில் கண்ணில் பட்ட பிளாஸ்டிக் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு டாலர். மட்டை சுரைக்காய் மாதிரி குண்டாக இருந்தது, பந்தில் சுற்றிலும் வட்ட வட்டமாக ஓட்டை. எறிந்தால் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், அடித்தால் நேராகத் திரும்பி வரும். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. இரண்டாம் நாள் ஒட்டுவாய் விட்டு பந்து இரண்டு கொட்டாங்கச்சி ஆகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “அது விஃபிள் பாலே இல்லையம்மா, மஞ்சள் மட்டையாகப் பார்த்து வாங்கு” என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஊருக்குள் உள்ள ஹார்டுவேர் கடையில், தோட்டக் குழாய்களுக்குப் பக்கத்தில் அது கிடைத்தது.

அசல் பந்தைக் கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு பாதி முழுக்க மூடியது, வழவழப்பு. மறு பாதியில் நீள்வட்டமாக எட்டுத் துளைகள், பூவிதழ் விரித்த மாதிரி. அளவு கிட்டத்தட்ட நிஜ பேஸ்பால் அளவேதான். எடைதான் வேறு. நிஜப் பந்து 142 முதல் 149 கிராம் வரை இருக்கும், இது அதில் ஏழில் ஒரு பங்குகூட இருந்தால் அதிகம். மட்டை 32 அங்குல நீளம், பூரிக்கட்டையைவிட ஒல்லி. பார்த்தால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பந்து வரும் அட்டையில் எப்படிப் பிடிப்பது, துளைப் பக்கத்தை எந்தத் திசையில் வைத்தால் பந்து எப்படிப் போகும் என்று படம் போட்டிருக்கிறது. மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டு படிப்பது போல அதைப் படித்தார். அந்தக் காலத்தில் வங்கி கிரிக்கெட் அணியில் மிதவேகப் பந்து வீசியவர். எழுந்துபோய், பழக்க தோஷத்தில் பத்தடி ஓடிவந்து, முழங்கையை மடக்காமல் போட்டார். தோள் பிடித்துக்கொண்டது. என் மகள், “தாத்தா, ஓடக் கூடாது. நின்ன இடத்துலேர்ந்து எறியணும்” என்றாள்.

“எறியறதா? அது நோ பால் கண்ணு.”

“இங்கே அதுதான் பால்.”

ஐம்பது வருடமாக ‘எறியாதே, எறியாதே’ என்று சொல்லி வளர்த்த கை. அதற்குக் குற்ற உணர்ச்சி விட ஒரு வாரமானது. ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் இடுப்புப் பக்கவாட்டிலிருந்து வீசினால் தோள் வலிக்கவில்லை என்று கண்டுபிடித்தார். பந்துக்கோ எடையே இல்லை. முழு பலத்தோடு எறிய வேண்டிய அவசியமும் இல்லை, மெதுவாக விட்டாலே வளைகிறது. ஒரு நாள் துளைப் பக்கத்தை வானம் பார்க்க வைத்து அடியிலிருந்து சுண்டினார். அது கீழே இறங்க மறுத்து, மிதந்துகொண்டே என் தாடையை நோக்கி ஏறி வந்தது. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் கையில் அந்தப் பந்து.

கையை வருத்தாத இந்தக் குணம் தற்செயலாக வந்தது இல்லை. அதற்காகவே பிறந்த பந்து இது. 1953-இல், இதே கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டு ஊரில், டேவிட் முல்லானி என்பவரின் பன்னிரண்டு வயது மகன் வீட்டுப் பின்புறத்தில் சின்ன பிளாஸ்டிக் கோல்ஃப் பந்தையும் துடைப்பக் கட்டையையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பந்தை வளைத்து வளைத்து எறிந்து கை கூழாகிவிட்டது என்று அப்பாவிடம் புலம்பினான். அப்பா பேஸ்பாலில் பந்து வீசியவர், அந்த வயதில் வளைந்து போகும் கர்வ் பால் போட்டால் கை என்ன ஆகும் என்று தெரிந்தவர். வாசனைத் திரவிய டப்பாக்களுக்காகச் செய்த உருண்டை பிளாஸ்டிக் பாகங்கள் சிலவற்றை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து சவர பிளேடால் விதவிதமாகத் துளை வெட்டிக் கொடுத்தார். எட்டு நீள்வட்டத் துளை போட்டது நன்றாக வளைந்தது. அன்றிலிருந்து அதே எட்டுத் துளைதான். மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டால் பிள்ளைகள் அதை ‘விஃப்’ என்பார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. நிறுவனம் இன்றும் ஷெல்டனில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில். மூன்றாம் தலைமுறை நடத்துகிறது.

அந்தக் காலத்து அட்டைகளில் பெரிய பேஸ்பால் வீரர்களின் படம் இருக்கும். யாங்கீஸின் வைட்டி ஃபோர்டு, ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ், பிறகு பீட் ரோஸ். 1941-இல் .406 என்ற அபூர்வமான அடிப்புச் சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ் பிளாஸ்டிக் பந்துக்கு முகம் கொடுத்தார் என்பது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்கா வந்து பதினாறு வருடமாகிறது. பேஸ்பாலை நான் அதுவரை ரசித்ததே இல்லை. மூன்று மணி நேரம் யாரோ யாருக்கோ பந்து போடுகிறார்கள், அடிக்கிறவன் சும்மா காற்றை வெட்டிவிட்டுப் போகிறான், கோடிக்கணக்கில் சம்பளம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் போவதெல்லாம் ஹார்ட்ஃபோர்டில் யார்டு கோட்ஸ் ஆட்டத்துக்கு. கொலராடோ ராக்கீஸ் என்ற பெரிய அணிக்கு வீரர்களைத் தயார் செய்யும் டபுள்-ஏ அணி அது. மைதானத்துக்குப் பெயர் டன்கின் பார்க். போனதற்குக் காரணம் பேஸ்பாலே இல்லை. மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, அந்த மைதானத்தில் 2019-இலிருந்து வேர்க்கடலையே விற்பதில்லை. பேஸ்பால் மைதானத்தில் கடலைத் தோல் காலில் மிதிபடாமல் உட்கார முடிகிற இடம் எத்தனை இருக்கும்? அதற்காகவே போவோம். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமாவிடம் ஒரு மாதம் அடி வாங்கிய பிறகு, ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பந்து போடும் வலது கை பிட்சர், கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் ஒன்று போட்டார். பேட்டரின் முன் தோள் திறப்பதையும், இடுப்பு முன்கூட்டியே சுழல்வதையும், மட்டை கிளம்பிய பிறகு பந்து விலகிப் போவதையும் பார்த்தேன். அட, இது எனக்கு நடந்தது! அதே தோள், அதே இடுப்பு, அதே அசட்டு முகம். நான் எழுந்து நின்றேவிட்டேன். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நிஜ ஆட்டத்தில் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்தால் பந்துக்கு ஏறக்குறைய 0.4 விநாடி போதும். எங்கள் வீட்டில் நாற்பதடி தூரம், பந்து ஆடி அசைந்துதான் வருகிறது. ஆனாலும் ஏமாறுவது அதே இடத்தில், அதே விதமாகத்தான். டிவியில் ரொம்ப வளைகிற ஒரு பந்தைக் காட்டும்போது வர்ணனையாளர்கள் ‘விஃபிள் பால் மாதிரி’ என்பார்கள். அந்த உவமையின் அர்த்தம் எனக்குப் பதினாறு வருடம் கழித்துப் புரிந்தது.

எப்படி வளைகிறது என்று மாமாதான் தேடிப் படித்தார், எனக்கும் விளக்கினார். டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் டேப் ஒட்டி ஸ்விங் செய்தவர்களுக்கு இதில் பாதி தானாகப் புரியும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் துளை. காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டு போவதில்லை, அதனால் பந்து ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. மீதிப் பாதி வேடிக்கையானது. துளை வழியாக உள்ளே போகும் காற்று பந்துக்குள்ளேயே சுழன்று தன் பங்குக்கு ஒரு விசையைத் தருகிறது. பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதை அளந்து 2007-இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். வெளிக்காற்றும் உள்காற்றும் போட்டி போடுகின்றன, எது ஜெயிக்கும் என்பது வேகத்தைப் பொறுத்தது. பழைய, கீறல் விழுந்த பந்து புதுப் பந்து மாதிரி நடந்துகொள்ளாததும் இதனால்தான். எங்கள் பந்து சிமெண்ட் தரையில் உரசி உரசிச் சொரசொரப்பான பிறகு மாமா அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். “புதுசு வேண்டாம்மா, இது பழகிடுச்சு” என்பார்.

விஃபிள் லீக் ஆடுகிறவர்கள் வேண்டுமென்றே கத்தியாலும் உப்புத்தாளாலும் பந்தைச் சுரண்டுவார்கள். பெரிய அணிகள் ஆடும் மேஜர் லீகில் அதைச் செய்தால் வெளியே போக வேண்டியதுதான். 1987-இல் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் பிட்சர் ஜோ நீக்ரோவை நடுவர்கள் பாக்கெட்டைக் காட்டச் சொன்னபோது, பின் பாக்கெட்டிலிருந்து நகம் தேய்க்கும் அட்டை பறந்து விழுந்தது. பத்து ஆட்டத் தடை. சுழலாமல் மிதந்து போகும் நக்கிள்பால் போட நகம் வேண்டும், அதைத் தேய்க்கத்தான் வைத்திருந்தேன் என்றார் அவர். மாமாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்கிறார்.

சரி, விதிகள். அட்டையில் உள்ளபடி இரண்டு பேர் இருந்தாலே ஆடலாம், பேஸ் எனப்படும் முனைகளைச் சுற்றி ஓடத் தேவையில்லை. பந்து எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதை வைத்து சிங்கிள் (ஒரு பேஸ்), டபுள் (இரண்டு), டிரிபிள் (மூன்று), ஹோம் ரன் (முழுச் சுற்று). மட்டையை நீட்டிச் சும்மா தட்டிவிடுவதற்கு அனுமதி இல்லை. ஓடாமல் ஆடும் ஆட்டம் என்பதால் 71 வயதுக்காரரும் 11 வயதுக்காரியும் சரிசமமாக ஆட முடிகிறது. எங்கள் வீட்டில் மேப்பிள் மரம் வரை சிங்கிள், மரத்தைத் தாண்டினால் டபுள், வேலியில் நேராகப் பட்டால் டிரிபிள், வேலிக்கு அப்பால் ஹோம் ரன். ஹோம் ரன் அடித்தவரே போய்ப் பந்தை எடுத்துவர வேண்டும், பக்கத்து வீட்டு நாயிடம் சொல்லிவிட்டு. பின்னால் உள்ள நாற்காலியில் பட்டால் ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட். பேஸில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் ஓட்டக்காரர்களுக்கு மகள் வைத்த பெயர் பேய். “அம்மா, ரெண்டாவதுல ஒரு பேய், மூணாவதுல ஒரு பேய், நீ டபுள் அடிச்சா ரெண்டு பேயும் வீட்டுக்கு வந்துடும்” என்று கத்துவாள். வேலியோரம் நடைபழகிக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது.

நான் கணக்கெழுதும் தொழில் செய்பவள், ஸ்கோர் நோட்டு என் பொறுப்பு. பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவதற்கு, அதாவது ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, ‘கே’ (K) என்ற எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். என் பெயருக்கு நேராகத் திரும்பிய எழுத்துகள் நிறைய.

இனி குறைகள். மட்டை ஒல்லி, அதுதான் முதல் குறை, அதுவே இந்த ஆட்டத்தின் உயிரும். ஆறேழு வயதுக் குழந்தைக்கு இதை வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரம் ஒரு பந்தும் படாது, அழுகை வரும். அந்த வயதுக்குக் குண்டு மட்டையே மேல். என் மகளுக்கே முதல் வாரம் எரிச்சல்தான். இரண்டாவது, காற்று. கொஞ்சம் பலமாக அடித்தால் இந்தப் பந்து யார் பேச்சையும் கேட்காது. நாம் போட்ட கர்வ் ஒரு பக்கம், காற்று போட்ட கர்வ் இன்னொரு பக்கம். மூன்றாவது, தூரம். எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து ஓர் அளவுக்கு மேல் போகாது. ஜன்னல் கண்ணாடிக்கு அது வரம். ‘விர்ர்’ரென்று பறக்கும் அடிக்கு ஏங்குகிறவர்களுக்கு ஏமாற்றம். அப்புறம், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். குளிரில் அடித்தால் விரிசல் விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கும்போதே தனிப் பந்து இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இந்தச் சின்னப் பந்தை வைத்து ஊரே இரண்டுபட்ட கதையும் இந்த மாநிலத்தில்தான். 2008-இல் கிரீனிச்சில் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஊராட்சிக்குச் சொந்தமான காலியிடத்தில் புதர் வெட்டி, விஃபிள் மைதானம் கட்டினார்கள். பாஸ்டனில் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் இருக்கும் 37 அடி பச்சைச் சுவர் மாதிரி ஒட்டுப்பலகையில் ஒரு சுவரும் எழுப்பினார்கள். அக்கம்பக்கத்தில் புகார் கிளம்பியது, நாடு முழுக்கச் செய்தியானது, கடைசியில் நிர்வாகம் அதை அகற்றிவிட்டது. மூன்று வருடம் கழித்து நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை, கோடை முகாம்களுக்கான ஆபத்தான விளையாட்டுப் பட்டியலில் விஃபிள் பாலைச் சேர்த்தது. இருபது கிராம் பிளாஸ்டிக்! ஊர் சிரித்தது, பட்டியலைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கு நேர்மாறாக வெர்மான்ட்டில் ஒருவர் தன் வீட்டு நிலத்தில் ஃபென்வே பார்க்கையே சின்னதாகக் கட்டி, பிறகு பக்கத்திலேயே சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தையும் குட்டியாகக் கட்டியிருக்கிறார். முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக அங்கே ஆண்டுதோறும் போட்டி வைத்து லட்சக்கணக்கான டாலர் திரட்டினார்கள். அடுத்த கோடையில் அங்கே போக வேண்டும் என்று ஒரு திட்டம்.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது மட்டைக்காக. அது நான் அடிக்காததற்கு நானே சொல்லிக்கொள்ளும் சாக்கு என்று மகள் சொல்கிறாள்.

அக்டோபர் முதல் வாரம் மாமா ஊருக்குக் கிளம்பினார். சீசன் கணக்கு: அவர் எடுத்த ‘கே’ 143, நான் அடித்த ஹோம் ரன் 4. அதில் ஒன்று வேலியில் பட்டுத் தாண்டியது, இன்னும் தகராறில் இருக்கிறது. சொரசொரத்த பழைய பந்தையும் புதுசு இரண்டையும் வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். மட்டைதான் பெட்டியில் நேராகப் போகவில்லை. குறுக்கே வைத்தால் மூடியது, ஆனால் சொந்தக்காரர்களுக்கு வாங்கிய சாக்லேட் பாக்கெட் மூன்றை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மாமாவே எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார், வலது கையால்.